கணக்கன் கண்ணும் கிழவியின் காசும்

மாலை ஆறரை மணி. சோழிங்கநல்லூர்ப் பக்கமிருந்து வேலை முடித்துத் திரும்புவோரும், நகருக்குள் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டுப் பேருந்தில் நசுங்கி வந்திறங்கும் தாய்மாரும், பெரும்பாக்கம் எழில் நகர் முகப்பில் ஒன்றாய்க் கலந்து நிற்கும் நேரம். எட்டு அடுக்குக் கட்டடங்கள் வரிசை வரிசையாய் நிமிர்ந்து நிற்கின்றன. 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடிசை கட்டி வாழ்ந்து, சென்னையைக் கட்டியும் கூட்டியும் துடைத்தும் கொடுத்த மக்களை, அந்தச் சென்னையிலிருந்தே வேரோடு பெயர்த்தெடுத்து வந்து நட்ட இடம் அது. அந்த முகப்பிலே ஓர் இட்லிக் கடை. கடை என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல். ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஓர் இட்லிப் பானை, அறுபதைக் கடந்த ஒரு மூதாட்டி. அவ்வளவே.

நாம் நான்கு இட்லி தின்றோம். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை நீட்டினோம். மூதாட்டி கையை நீட்டவில்லை. மேசைக் காலில் கட்டித் தொங்கவிட்டிருந்த அட்டையைக் காட்டினார்.

"இதுல போட்டுடு வாத்தியாரே. சில்லறையெல்லாம் இப்ப யாரு வாங்கறா?"

கைப்பேசியை எடுத்தோம், கறுப்பும் வெள்ளையுமான கட்டத்தின்மேல் பிடித்தோம். திரையிலே ஒரு பெயர் வந்தது. ஆண்பிள்ளையின் பெயர்.

"இது யாரு பேரு, ஆயா?"

"எம் மவன் பேருதான். எனக்கு ஏது போனு?"

"அப்ப பணம்?"

"அவன்கிட்டதான் போவும். ராத்திரி தருவான்..." அடுப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டே, சிறிது பொறுத்து, "கேட்டா" என்றார்.

கேட்டால்! அந்த ஒரு சொல் நம்மை வீடு வரையில் விடாமல் துரத்தியது. விடியற்காலை எழுந்து மாவாட்டியவர் அவர். அனல் தின்றவர் அவர். சட்னி அரைத்தவர் அவர். விற்ற பணம் மட்டும் அவரிடம் வருவதில்லை. வேறொருவர் பையில் விழுகிறது. மறுநாள் அரிசிக்கும் உளுந்துக்கும் அவர் 'கேட்டு' வாங்க வேண்டும். மகன் தீயவன் என்று நாம் சொல்லவில்லை. நல்லவனாகவே இருக்கட்டும், கேட்டவுடன் கொடுப்பவனாகவே இருக்கட்டும். நம் வினா அதுவன்று. தன் உழைப்பின் பயனைத் தன் கையிலே பெறுவதும், பிறர் நல்லவராயிருப்பதால் பெறுவதும் ஒன்றாகுமோ? முன்னது உரிமை. பின்னதற்குப் பெயர் என்ன?

தோழர்கள் அவசரப்பட வேண்டாம். 'பழைய காசுதான் சிறந்தது, புதிய கருவி பொல்லாதது' என்று பழமைக்குப் பல்லாண்டு பாட வந்தோமல்லர். அச்சு வந்தபோது ஏட்டுச் சுவடிக்கு அழுதவர்களும், இரயில் வந்தபோது தீட்டுக்கு அஞ்சியவர்களும் யார் என்பதை நாம் அறிவோம். அந்த வரிசையில் நமக்கு இடம் வேண்டா. 2016 ஏப்ரலில் யூபிஐ என்னும் ஏற்பாடு தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஒரே திங்களில் 2,000 கோடிக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல் அதன் வழியே நடந்தது. வங்கிப் படியில் கால் வைக்கவே கூசிய ஏழை, இன்று நொடியிலே ஊருக்குப் பணம் அனுப்புகிறான். தாம்பரத்தில் கட்டட வேலை செய்யும் தொழிலாளி, ஒடிசாவிலுள்ள தாய்க்கு அனுப்பும் பணத்திலே இடைத்தரகன் கிள்ளி எடுக்க வழியில்லை. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டிலே ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் உரிமைத் தொகை அவரவர் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. ஊர்ப் பெரியவரின் திண்ணையிலே கைகட்டி நின்று வாங்க வேண்டியதில்லை. இவையெல்லாம் நன்மையே. 2016 டிசம்பர் 30 அன்று வெளிவந்த அரசுச் செயலிக்கு அண்ணல் அம்பேத்கரின் பெயரால் 'பீம்' என்று பெயரிட்டார்கள். பெயர் சூட்டுவதில் நம் ஆட்சியாளர்கள் என்றுமே சிக்கனம் பார்த்ததில்லை. 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றியே இலண்டனில் நூல் வெளியிட்ட பொருளியல் அறிஞர் அவர். அவர் பெயரை எடுத்துக்கொண்டவர்கள், அவர் கேட்டிருக்கக்கூடிய வினாவையும் எடுத்துக்கொள்ள வேண்டுமல்லவா? இந்தப் புதுப் பணம் யாரை யாருக்குக் கட்டுப்படுத்துகிறது, யாரை யாரிடமிருந்து விடுவிக்கிறது என்பதே அந்த வினா.

கொஞ்சம் பின்னே செல்வோம். காசு என்பது என்ன? உலோகத் துண்டு, காகிதத் துண்டு என்பது கடைக்காரன் விடை. ஜெர்மானியச் சிந்தனையாளர் சிம்மல் 1900இல் பணத்தின் தத்துவம் பற்றி எழுதிய பெருநூலில் வேறொரு விடை சொன்னார். நிலப்பிரபுவுக்குத் தேனும் கோழியும் தானியமுமாகக் கொடுத்துவந்த குடியானவன், அதற்கீடாகப் பணம் கட்டலாம் என்று ஆன நாளிலே விடுதலையின் முதற்படியில் கால் வைத்தான் என்றார். இன்ன பொருளைத்தான் விளைவிக்க வேண்டும், இன்னபடிதான் வாழ வேண்டும் என்ற பிடி அன்று தளர்ந்தது.

அயல்நாட்டுக் கதை எதற்கு? நம் ஊர்க் களத்துமேட்டையே பாருங்கள். வெளுப்பவருக்கும், மழிப்பவருக்கும், பறையடிப்பவருக்கும், பண்ணையாளுக்கும் ஆண்டுக்கொருமுறை களத்திலே நெல் அளந்தார்கள். அளந்தவன் மரக்காலைக் குலுக்கினானா, தலைதட்டினானா என்று கேட்க வாயில்லை. அந்த நெல்லைக் கொண்டு பட்டணம் போய்ப் பிழைக்க முடியாது; நெல் ஊரோடு கட்டிப்போட்டது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டனவே, அதற்கு முன்னே நடந்ததும் கூலி நெல்லைச் சற்றே உயர்த்திக் கேட்ட போராட்டந்தான். கையிலே காசு வந்தவன் இரயிலேறினான். பெரம்பூருக்கும் தறிச்சாலைக்கும் துறைமுகத்துக்கும் போனான். 'நீ யார் மகன், எந்தத் தெரு' என்று பயணச்சீட்டு கொடுப்பவன் கேட்கவில்லை. காசு பேசாது. காசுக்குப் பெயரில்லை, ஊரில்லை, சாதியில்லை. அதன் பெருமையே அதன் ஊமைத்தனந்தான்!

அப்படியானால் காசு சாதியை ஒழித்துவிட்டதா? ஒழிக்கவில்லை. நீட்டிய கையிலிருந்து வாங்காமல், 'கீழே வை' என்று சொல்லித் தண்ணீர் தெளித்து எடுத்த கடைகள் இந்நாட்டில் இருந்தன. இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகள் இருந்தன. காசுக்குத் தீட்டில்லை, கொடுத்த கைக்குத் தீட்டு! இன்று அந்தக் கடைக்காரனும் அட்டை மாட்டிவிட்டான். கொடுப்பவன் கையும் வாங்குபவன் கையும் தொடுவதே இல்லை. தண்ணீர் தெளிக்கும் வேலை மிச்சம். இதைத் தீண்டாமை ஒழிப்பு என்று சொல்வதா, தீண்டாமைக்குக் கிடைத்த வசதி என்று சொல்வதா? நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். தொட வேண்டிய கட்டாயம் இருந்தபோதுதான் தொட மறுப்பவனின் அழுக்கு ஊரறிய வெளிப்பட்டது. எதிர்த்து நிற்க ஓர் இடம் இருந்தது. இப்போது எதிர்க்கவும் இடமில்லை, எதிர்ப்படவும் இடமில்லை. எனினும், நாள்தோறும் அவமானப்பட்ட ஒருவர் 'அந்த அவமானம் எனக்கு இன்று இல்லை, அதுவே போதும்' என்று சொன்னால், அவரிடம் வாதாட நமக்கு உரிமையில்லை.

கைகள் தொடவில்லை, பெயர்களோ தொடுகின்றன. ஊமையாயிருந்த காசுக்கு நாக்கு முளைத்துவிட்டது. இட்லிக்குக் கொடுத்தால் திரையில் ஒரு பெயர் வருகிறது. வாங்குபவருக்கும் நம் பெயர் போகிறது. 1929இல், இதே செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிலே, பெயரின் பின்னே ஒட்டிக்கொண்டிருக்கும் சாதி வாலை வெட்டி எறிய வேண்டுமென்று தீர்மானித்தார்கள். வெட்டினார்கள். அதனால்தான் தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைக் கேட்டவுடன் சாதியைச் சொல்ல முடிவதில்லை. வடக்கே அப்படியா? பெயரே சாதி, பெயரே மதம். 2024 ஜூலையில், உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர்க் காவல்துறை, காவடி யாத்திரை செல்லும் வழியிலுள்ள உணவுக் கடைகள் உரிமையாளரின் பெயரை எழுதி வைக்க வேண்டுமென்று பணித்தது. எதற்கு? பசித்தவன் பழத்தைப் பார்த்து வாங்காமல் பழக்காரனின் மதத்தைப் பார்த்து வாங்குவதற்கு! உச்ச நீதிமன்றம் ஜூலை 22 அன்று அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே, 2025இல், அதே வழித்தடத்தில் க்யூஆர் அட்டை மாட்ட வேண்டும் என்ற ஆணை வந்தது. தடுத்த பெயரை அட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறார்கள் என்று மீண்டும் வழக்கு. ஒரு சிறு கட்டம். அதற்குள்ளே ஒரு கடைக்காரனின் பிழைப்பும் அச்சமும் இருக்கின்றன.

'நேர்மையானவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?' என்று கேட்பார்கள். கேட்கிறார்கள். நம் பள்ளி ஆசிரியர் அறையிலேயே கேட்டார்கள். நல்ல வினாதான், நேரே விடை சொல்வோம்.

முன்பு நமக்கு ஒரு கதை சொன்னார்கள். மேலுலகிலே சித்திரகுப்தன் என்றொரு கணக்கன் உண்டாம். மனிதர் செய்யும் ஒவ்வொன்றையும் ஏட்டில் எழுதிக்கொண்டே இருப்பானாம். நாம் சிரித்தோம். இத்தனை கோடிப் பேருக்கு ஒரே கணக்கனா, ஏடு போதுமா, எழுத்தாணி தேயாதா என்று மேடைதோறும் கேட்டோம். இன்று அந்தக் கணக்கனுக்குக் கட்டடம் கட்டிவிட்டார்கள், குளிர்சாதனம் வைத்துவிட்டார்கள், ஏடு எத்தனை வேண்டுமானாலும் தருகிறார்கள். அவன் தூங்குவதில்லை. காலையில் எந்தக் கடையில் தேநீர், பிற்பகலில் எந்த மருந்து, இரவில் யாருக்கு எவ்வளவு, எல்லாம் எழுதுகிறான். பழைய கணக்கன் இல்லாதவன், ஆதலால் சிரித்தோம். புதிய கணக்கன் இருப்பவன், ஆதலால் கேட்கிறோம். உன் ஏட்டை யார் படிக்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பாய்? தவறாக எழுதினால் திருத்த யாரிடம் போவது? கடவுளின் கணக்கனிடம் கேட்க முடியாது என்றுதானே புரோகிதன் பிழைத்தான்? மனிதன் வைத்த கணக்கனிடம் கேட்க முடியாது என்று எவனும் பிழைக்க நாம் விடலாமோ?

ஒளிக்க ஒன்றுமில்லாதவள் என்றால், நம் பாட்டிமாரைப் போல் எவரும் இல்லை. ஆயினும் அவர்கள் ஒளித்தார்கள். அரிசிப் பானைக்குள்ளே, அஞ்சறைப் பெட்டியின் அடியிலே, சேலை மடிப்பிலே. சிறுவாடு என்ற அழகிய சொல் அதற்கு உண்டு. குடித்துவிட்டு வருபவன் கண்ணில் படாமல், மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துச் சீட்டுக்கும் சேர்த்த காசு அது. கணவனுக்குத் தெரியாத காசு கறுப்புப் பணமா? 2016 நவம்பர் 8 இரவிலே 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது, அந்தப் பானைகள் எல்லாம் நடுவீட்டில் கவிழ்ந்தன. பெண்கள் தம் சேமிப்பைத் தாமே எடுத்துவந்து, 'இதை மாற்றித் தாருங்கள்' என்று அந்த ஆடவரிடமே கொடுத்து நின்ற காட்சி எத்தனை வீடுகளில்! கறுப்புப் பண முதலைகள் அகப்படும் என்றார்கள். விலக்கிய தாள்களில் 99.3 விழுக்காடு வங்கிக்கே திரும்பி வந்துவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கியே கணக்குச் சொன்னது. அகப்பட்டவை முதலைகள் அல்ல, சிறுவாடுகள். ரொக்கம் குறையும் என்றார்கள். அன்று ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த புழக்கப் பணம், 2025இல் அதன் இருமடங்கைத் தாண்டிவிட்டது.

ஆக, ஒளிவு என்பதெல்லாம் குற்றமன்று. வலியவன் ஒளித்தால் அது சூழ்ச்சி; எளியவன் ஒளித்தால் பல வேளைகளில் அது தற்காப்பு. இந்த நாட்டிலே நடந்தது என்ன தெரியுமா? நேர்மாறு! 2018இல் தேர்தல் பத்திரம் என்ற ஏற்பாடு வந்தது. கோடி கோடியாய்க் கட்சிகளுக்குக் கொடுப்பவர் பெயர் குடிமக்களுக்குத் தெரியாமல் இருக்கச் சட்டமே துணை நின்றது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளும் வரையில் அது நடந்தது. அந்த ஆறு ஆண்டுகளிலே கோடீசுவரனின் நன்கொடைக்குத் திரை. கிழவியின் இருபது ரூபாய்க்கு ஒலிபெருக்கி! ஆம், ஒலிபெருக்கியேதான். கடை மேசைமேல் ஒரு சிறு பெட்டி, 'இருபது ரூபாய் பெறப்பட்டது' என்று தெருவுக்கே கூவுகிறது.

2025 ஜூலையில் பெங்களூரில் நடந்ததைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறு கடைக்காரர்களின் யூபிஐ வரவை எடுத்துக் கூட்டிப் பார்த்து, ஜிஎஸ்டி கட்டு என்று மாநில வணிக வரித்துறை ஆயிரக்கணக்கில் அறிவிக்கை அனுப்பியது. காய்கறி விற்றவர்களுக்கும் வந்தது. வரவு தெரிந்தது கருவிக்கு. அதில் எவ்வளவு கொள்முதல், எவ்வளவு கைமாற்று, எவ்வளவு வரியில்லாப் பொருள் என்பது தெரியவில்லை. மறுநாளே கடைகளில் 'யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற தாள்கள் தொங்கின. பின்னர் மாநில முதலமைச்சர், பதிவு செய்துகொண்டால் பழைய நிலுவை கேட்கப்படாது என்றார். வரி கொடுக்க வேண்டியவர் கொடுக்கத்தான் வேண்டும். அதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. பாதி உண்மையை வைத்து முழு வழக்குப் போடும் கணக்கன்தான் நமக்கு ஆகாதவன்.

இடையே ஒன்று. கோவில் வாயிலிலும் அட்டை வந்துவிட்டது. உண்டியலில் விழும் காசு யாருடையது என்று ஆண்டவனுக்கு மட்டுமே தெரியும் என்றிருந்த நிலை போய், வங்கிக்கும் தெரியும் என்றாகிவிட்டது. பக்தர்கள் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கவலை.

நம் கவலை வகுப்பறையிலே. ஐந்தாம் வகுப்பில் கழித்தல் கணக்குச் சொன்னோம். 'ஐம்பது ரூபாய் கொடுத்து, முப்பத்தேழு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், மீதி எவ்வளவு?' கணக்கில் கெட்டிக்காரியான ஒரு சிறுமி எழுந்து, 'மீதியே வராது சார், முப்பத்தேழுதான் போடுவோம்' என்றாள். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். அவள் சொன்னது சரி; நம் பாடநூல்தான் பழையது. ஆனால் அந்தப் பள்ளியிலேயே ஒரு பையன், தாயின் கைப்பேசி உடைந்த நான்கு நாளும் நோட்டுப் புத்தகம் வாங்காமல் வந்தான். வீட்டிலே பணம் இருந்தது, கைப்பேசிக்குள் இருந்தது!

2023 டிசம்பர் முதல் வாரத்தைப் பெரும்பாக்கம் மறக்காது. மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்று வளர்ந்த நகரத்தின்மேல் அந்த நீர் திரும்பி வந்து நின்றது. மின்சாரம் போயிற்று, கைப்பேசித் தொடர்பும் போயிற்று. பால் இருந்த கடையில் பணம் செலுத்த வழியில்லை. மடியில் ஐம்பது ரூபாய்த் தாள் வைத்திருந்த கிழவிகளே அன்று செல்வர்கள். சுவீடன் நாட்டைப் பாருங்கள். ரொக்கத்தை ஏறக்குறைய மறந்தே போன நாடு. அந்நாட்டு அரசு 2024 நவம்பரில் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக்காலக் கையேட்டிலே, ஒரு வாரத்துக்கான ரொக்கத்தை வீட்டில் வைத்திருங்கள் என்று சொல்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரமும் நியூ ஜெர்சி மாநிலமும் 2019இல், கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாதென்று சட்டம் செய்தன. வங்கிக் கணக்கில்லாத ஏழைக்குக் கடைக் கதவு மூடப்படக் கூடாது என்பதே அங்கே சொல்லப்பட்ட காரணம். நார்வே 2024இல் அந்த உரிமையை இறுக்கிக் கட்டியது. கருவியில் நமக்கு முன்னே சென்ற நாடுகள் இவை. முன்னே சென்றவர்கள் திரும்பிப் பார்த்துக் கூவுகிறார்கள். பின்னே வரும் நாம் செவி கொடுக்க வேண்டாமா? ரொக்கத்தை மறுக்காதே என்ற சட்டமும், கணக்கனின் ஏட்டுக்கு எல்லை வகுக்கும் சட்டமும் இங்கே வேண்டும். பகுத்தறிவு இளைஞர்கள் இதை மேடைப் பொருளாக்க வேண்டும்.

மூதாட்டியிடம் திரும்பச் சென்றோம். 'உங்கள் பெயரிலேயே அட்டை வாங்கிவிடலாம், ஆயா' என்றோம். பெருமிதத்தோடுதான் சொன்னோம், படித்தவர்கள் அல்லவா! வங்கிக்கு அழைத்துப் போனோம். கணக்கு அவர் பெயரில் ஏற்கெனவே இருந்தது, உரிமைத் தொகைக்காகத் திறந்தது. ஆனால் அதில் பதிந்திருந்த கைப்பேசி எண் மகனுடையது. ஒவ்வொரு முறையும் வரும் இரகசிய எண் மகனுக்கே போகும். பூட்டு இவருடையது, சாவி அவனுடையது. பொத்தான் கைப்பேசிக்கும் 2022 முதல் வழி உண்டு என்று விளக்கினோம். 'அதுக்கும் ஒரு போனு வாங்கணுமில்ல' என்றார். மூவாயிரம் படியேறி வந்து கடைசிப் படியில் வழுக்கி விழுந்தவர்போல் நின்றோம். மகனிடம் பேசுகிறோம் என்றோம். மூதாட்டிக்குச் சினம் வந்துவிட்டது.

"அவங்கிட்ட ஒண்ணும் பேசாத. எம் புள்ள நல்லவன். நானே பாத்துக்கறேன்."

ஒரு வாரம் நாம் அந்தப் பக்கம் போகவில்லை, நாணம். போனபோது அட்டை அதே இடத்தில் தொங்கியது. ஆனால் இட்லிப் பானைக்குப் பக்கத்திலே, மூடியில்லாத ஒரு பழைய பிஸ்கட் டப்பா புதிதாய் முளைத்திருந்தது. அதற்குள்ளே கொஞ்சம் சில்லறை, கசங்கிய சில தாள்கள்.

"காலையில வர்ற கூட்டத்துக்கெல்லாம் காசுதான்னு சொல்லிட்டேன். மாவுக்கும் வெறகுக்கும் ஆவுற வரைக்கும் காசு. அதுக்கு மேல அட்டையில போட்டுக்கட்டும். அவனுக்கும் வண்டித் தவணை கட்டணுமே."

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்றொரு வதந்தி தமிழ்நாட்டிலே ஆண்டுக்கணக்காய் உலவுகிறது. எந்தச் சாமியாரும் சொல்லாமலே பரவிய மூடநம்பிக்கை அது. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லியும் சாகவில்லை. நடத்துநர் வாங்கமாட்டார், மளிகைக்காரர் வாங்கமாட்டார். நம் பையில் அப்படிப்பட்ட இரண்டு, பல நாளாய்ப் போக்கிடமின்றிக் கிடந்தன. நான்கு இட்லி தின்றுவிட்டு, சற்றுத் தயக்கத்தோடு நீட்டினோம். மூதாட்டி வாங்கினார், இருபுறமும் திருப்பிப் பார்த்தார், டப்பாவில் போட்டார். சத்தம் கேட்டது.